ஏழை நாடுகளுக்காகப் பேசிய திருத்தந்தை புனித ஆறாம் பவுல்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சின்ன வெங்காயம்தான். செட்டிகுளம், நாட்டார்மங்கலம், பாடாலூர், சத்திரமனை என்று அந்த வட்டாரம் முழுவதும் சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்றது. விதை வெங்காயம் வாங்கி, நட்டு, களையெடுத்து, மருந்தடித்து, திருகல் நோய்க்குத் தப்பியதை அறுவடை செய்து, தாள் அறுத்து, பட்டறை போட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் நம் விவசாயிகள். எதற்காக? நல்ல விலைக்காக.

ஆனால் அந்த விலையை அவர்கள் முடிவு செய்வதில்லை. கொழும்பிலும் கோலாலம்பூரிலும் துபாயிலும் எவ்வளவு தேவைப்படுகிறது, அந்த நாடுகள் எவ்வளவு இறக்குமதி வரி போடுகின்றன, புதுதில்லியில் என்ன ஆணை பிறக்கிறது என்பவையெல்லாம் சேர்ந்துதான் அந்த விலையை ஏற்றி இறக்குகின்றன. 2020 செப்டம்பரில் எல்லா வகை வெங்காய ஏற்றுமதிக்கும் மத்திய அரசு தடை விதித்தது. 2021 ஜனவரி 1 முதல்தான் அது விலக்கப்பட்டது. நகரத்தில் வாங்குகிறவருக்கு விலை குறையட்டும் என்பதற்காகப் போடப்பட்ட தடை அது. வெங்காயத்தை விளைவித்தவருக்கு வெளிநாட்டுச் சந்தை மூடிப்போனது.

பாடுபடுகிறவர் ஓரிடத்தில் இருக்க, அவருடைய உழைப்பின் விலையை வேறோர் இடத்தில் வேறு யாரோ முடிவு செய்வது நியாயமா? இந்தக் கேள்வியை உலகத்தின் முன் எடுத்துவைத்தவர்களுள் ஒருவர் ஒரு திருத்தந்தை. மே 29ஆம் நாள் திருச்சபை நினைவுகூரும் புனித ஆறாம் பவுல் அவர்களே அவர். அவருடைய வாழ்வை இந்தக் கோணத்தில் சற்றுச் சிந்திப்போம்.

வசதியான வீட்டின் பிள்ளை

ஜொவான்னி பத்திஸ்தா மொந்தினி 1897 செப்டம்பர் 26 அன்று இத்தாலியின் வட பகுதியில் பிரேஷா நகருக்கு அருகிலுள்ள கொன்சேசியோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜோர்ஜோ வழக்கறிஞர், கத்தோலிக்க நாளேடு ஒன்றை நடத்தியவர், பின்னர் பாராளுமன்ற உறுப்பினரானவர். தாய் யூதித்தா ஆழ்ந்த பக்தியுள்ளவர். வறுமை அறியாத வீடுதான். ஆனால் அந்த வீட்டில் ஏழைகளைப் பற்றியும் சமூக நீதியைப் பற்றியும் பேச்சு இருந்தது. சிறுவன் ஜொவான்னிக்கு உடல்நலம் மட்டும் சரியாக அமையவில்லை. குருமடத்தில் தங்கிப் படிக்க இயலாமல், வீட்டிலிருந்தே படித்து 1920 மே 29 அன்று குருவானார். அந்த நாளே இன்று அவருடைய நினைவு நாளாகவும் உள்ளது.

குருவானதும் உரோமைக்கு அனுப்பப்பட்டார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் திருப்பீடச் செயலகத்தில் பணி. இடையில் சில மாதங்கள் போலந்து நாட்டின் வார்சாவில் இருந்தார். கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கத்தின் ஆன்மீக வழிகாட்டியாகவும் பல ஆண்டுகள் உழைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது காணாமற்போனோரையும் போர்க்கைதிகளையும் பற்றிய தகவல்களைத் திரட்டி, குடும்பங்களுக்குத் தெரிவிக்கும் பணியில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. கோப்புகளுக்கு நடுவே அமர்ந்திருந்தாலும், ஒவ்வொரு கோப்பின் பின்னாலும் கண்ணீர் விடும் ஒரு குடும்பம் உண்டு என்பதை அந்த ஆண்டுகள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

தொழிலாளர்களின் பேராயர்

1954இல் மிலான் பேராயராக நியமிக்கப்பட்டார். 1955 ஜனவரி 6 அன்று மழை பெய்துகொண்டிருந்த வேளையில் மிலான் மண்ணில் மண்டியிட்டு முத்தமிட்டு உள்ளே நுழைந்தார். மிலான் இத்தாலியின் தொழில் நகரம். கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் புறநகர்களில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் திருச்சபையை விட்டு விலகியிருந்தார்கள். புதிய பேராயர் தொழிற்சாலைகளுக்கே சென்றார். புறநகர்களில் புதிய ஆலயங்களை எழுப்பினார். இந்தப் பழக்கம் அவரைவிட்டுப் போகவேயில்லை. திருத்தந்தையான பிறகும் 1968ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியைத் தென் இத்தாலியில் தாரந்தோ நகரின் இரும்பு ஆலையில் தொழிலாளர்களுடன் நிறைவேற்றினார்.

கர்தினாலாக இருந்தபோது 1960இல் இலத்தீன் அமெரிக்காவுக்கும் 1962இல் ஆப்பிரிக்காவுக்கும் பயணம் செய்தார். அங்கு கண்ட வறுமையை அவர் மறக்கவில்லை. காப்பியும் கொக்கோவும் செம்பும் அந்த நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் மக்கள் ஏழைகளாகவே இருந்தார்கள். 1963 ஜூன் 21 அன்று திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறாம் பவுல் என்ற பெயரை ஏற்றார். பிற இனத்தாரைத் தேடி ஊர் ஊராகச் சென்ற திருத்தூதர் பவுலின் பெயரை அவர் எடுத்துக்கொண்டது பொருத்தமானதே.

மகுடமும் மகிழுந்தும்

மிலான் மக்கள் தங்கள் முன்னாள் பேராயருக்கு மூன்றடுக்கு மகுடம் ஒன்றைப் பரிசாக அளித்திருந்தார்கள். 1964 நவம்பர் 13 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையர் பார்த்துக்கொண்டிருக்க, ஆறாம் பவுல் அந்த மகுடத்தைக் கொண்டுபோய்ப் புனித பேதுரு பேராலயப் பீடத்தின் மேல் வைத்தார். ஏழைகளுக்காக அதைக் கொடுத்துவிடுவதாக அறிவிக்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த எந்தத் திருத்தந்தையும் மகுடம் சூடிக்கொள்ளவில்லை.

மூன்றே வாரங்களில், 1964 டிசம்பர் 2 அன்று, நற்கருணை மாநாட்டிற்காக பம்பாய் வந்து இறங்கினார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் திருத்தந்தை அவரே. சாலையின் இருபுறமும் திரண்டு நின்ற இலட்சக்கணக்கான மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள் அல்லர். அந்தப் பயணத்தில் பயன்படுத்திய விலையுயர்ந்த காரை அன்னை தெரேசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அதைக் குலுக்கல் சீட்டில் விட்டு, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளர்களுக்குப் பயன்படுத்தினார் என்பது நாம் அறிந்த செய்தி.

ஆனால் அந்தப் பயணத்தில் அவர் விடுத்த ஒரு வேண்டுகோளை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. நாடுகள் ஆயுதங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையேனும் ஒதுக்கி, வறுமையில் வாடும் மக்களுக்காக ஓர் உலக நிதியை உருவாக்க வேண்டும் என்று அவர் பம்பாயிலிருந்து உலகத்தைக் கேட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தியாவில் மழை பொய்த்துப் பஞ்சம் தலைகாட்டியபோது, 1966இல் இந்திய மக்களுக்கு உதவுமாறு உலகத்திடம் மீண்டும் கையேந்தினார்.

மீனவர்களிடம் பாடம் கற்ற குரு

நல்ல மனம் மட்டும் போதாது, வறுமைக்குக் காரணம் என்ன என்றும் தெரிய வேண்டும் என்பதைத் திருத்தந்தை உணர்ந்திருந்தார். இதில் அவருக்குத் துணையாக நின்றவர் லூயி ஜோசப் லெப்ரே என்ற பிரெஞ்சு தோமினிக்கன் துறவி. இவரும் 1897இல் பிறந்தவர். முதலில் கடற்படை அதிகாரி, பிறகு துறவி. பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் மீனவர்கள் நடுவே பணியாற்றியவர். இராப்பகலாகக் கடலில் உழைக்கும் மக்கள் ஏன் கடனாளிகளாகவே இருக்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்தார். சோம்பலோ குடியோ மட்டும் காரணமில்லை, மீன் விற்கும் சந்தையின் அமைப்பே அவர்களுக்கு எதிராக இருக்கிறது என்று கண்டார். பிறகு அதே கேள்வியை உலக நாடுகளைப் பற்றியும் கேட்டார்.

1964இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி மாநாடு முதன்முறையாகக் கூடியது. அங்டாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பின் முதல் செயலர் அர்ஜெண்டினாவைச் சேர்ந்த ரவுல் பிரேபிஷ். அந்த மாநாட்டின் முடிவில்தான் 77 வளரும் நாடுகள் ஓரணியாகச் சேர்ந்தன. இந்தியாவும் அதில் இருந்தது. திருப்பீடத்தின் சார்பில் சென்ற குழுவில் லெப்ரே இடம்பெற்றார். ஏழை நாடுகள் விற்பது காப்பி, தேயிலை, பருத்தி, சணல் போன்ற விளைபொருள்கள். அவை வாங்குவது இயந்திரங்கள். விளைபொருளின் விலை ஏறி இறங்கித் தள்ளாடும். இயந்திரத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகும். ஆக, ஒரே டிராக்டரை வாங்க ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் மூட்டைகளை விற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த நாடுகளின் முறையீடு. செட்டிகுளத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உரத்தின் விலையையும் வெங்காயத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருக்கே புரியும்.

மக்களின் முன்னேற்றம்

1967 ஜனவரியில் நீதிக்கும் அமைதிக்குமான திருப்பீடக் குழுவை ஆறாம் பவுல் நிறுவினார். அதே ஆண்டு மார்ச் 26, உயிர்ப்புப் பெருவிழா அன்று, 'மக்களின் முன்னேற்றம்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். லெப்ரே அதைக் காண உயிரோடு இல்லை. 1966இலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். ஆனால் அவருடைய சிந்தனை அந்த மடலில் விரவிக் கிடக்கிறது.

அதில் திருத்தந்தை கூறியவற்றை நாம் எளிய முறையில் இப்படித் தொகுத்துக்கொள்ளலாம். முன்னேற்றம் என்பது பணம் பெருகுவது மட்டுமல்ல. ஒவ்வொரு மனிதரும், ஒருவரின் முழு வாழ்வும் வளர வேண்டும். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு உதவி செய்ய வேண்டும், ஆனால் உதவி மட்டும் போதாது. ஒரு கையால் உதவி கொடுத்துவிட்டு, நீதியற்ற வணிகத்தின் வழியாக மறு கையால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன பயன்? தடையற்ற வணிகம் என்பது இரு தரப்பும் ஓரளவு சமமாக இருக்கும்போதுதான் நியாயமாக இருக்கும். வலியவரும் எளியவரும் பேரம் பேசும்போது, இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்காகவே அந்த விலை நீதியான விலை ஆகிவிடாது. பணக்கார நாடுகள் தங்கள் நாட்டு விவசாயிகளைக் காப்பாற்ற விலை ஆதரவும் மானியமும் தருகின்றன. தங்களுக்குள் ஒரு நீதி, ஏழை நாடுகளுக்கு வேறொரு நீதி என்பது எப்படிச் சரியாகும்? ஆகவே நாடுகள் ஒன்றாகக் கூடி, விலைகள் தாறுமாறாகச் சரியாதபடி உடன்படிக்கைகள் செய்ய வேண்டும், கடன்பட்ட நாடுகள் மூச்சுவிட முடியாதபடி வட்டி நெருக்கக் கூடாது, உலக நிதி ஒன்று வேண்டும்.

தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான கூலி ஒப்பந்தம் நீதியாக இருக்க வேண்டும் என்று 1891இல் திருத்தந்தை பதிமூன்றாம் லியோ கற்பித்திருந்தார். ஆறாம் பவுல் அதே கோட்பாட்டை நாடுகளுக்கு இடையிலான வணிகத்திற்கும் நீட்டினார். எல்லாரும் அதை வரவேற்கவில்லை. அமெரிக்காவின் பெயர்பெற்ற வணிக நாளேடு ஒன்று, இது பழைய மார்க்சியத்தைச் சூடுபண்ணிப் பரிமாறுவது என்று எள்ளி நகையாடியது. திருத்தந்தை அசையவில்லை.

புதுதில்லி முதல் இன்று வரை

அடுத்த ஆண்டே, 1968 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்டாட்டின் இரண்டாவது மாநாடு நம் தலைநகர் புதுதில்லியில் நடந்தது. வளரும் நாடுகளின் தொழிற்பொருள்களுக்கு வரிச்சலுகை அளிக்கும் முறை அங்கே கொள்கையளவில் ஏற்கப்பட்டது. ஏழைகளிலும் ஏழையான நாடுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணமும் வலுப்பெற்றது. 1971இல் ஐக்கிய நாடுகள் அவை 25 நாடுகளைக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் என்று பட்டியலிட்டது. 2024 முடிவில் அந்தப் பட்டியலில் 44 நாடுகள் இருந்தன. பட்டியலிலிருந்து மேலேறி வெளியேறிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது நம்மை வருந்தச் செய்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம், ஆயுதங்கள் தவிர மற்றெல்லாப் பொருள்களையும் இந்த நாடுகளிலிருந்து வரியின்றி உள்ளே விட முன்வந்தது. 2008இல் இந்தியாவும் இந்த நாடுகளுக்கு வரிச்சலுகைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இதனால் நன்மை பெற்ற நாடுகளுள் வங்காளதேசம் ஒன்று. 1970இல் பெரும் புயல் அந்த மண்ணைச் சூறையாடிய சில நாள்களுக்குள், ஆசியப் பயணத்தின் வழியில் டாக்காவில் இறங்கி ஆறுதல் சொன்னவர் ஆறாம் பவுல். அந்த நாடு இன்று உலகத்திற்கே ஆடை தைக்கிறது. அதே வரிச்சலுகையால் தங்களுக்கு வர வேண்டிய ஆர்டர்கள் அங்கே போகின்றன என்று நம் திருப்பூர்காரர்கள் வருந்துவதும் உண்மை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து, 1,100க்கும் அதிகமான ஆடைத் தொழிலாளர்கள் மாண்டதும் உண்மை. ஏற்றுமதி பெருகியது, ஆனால் தைத்தவரின் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை. முழு மனிதரின் வளர்ச்சி என்று ஆறாம் பவுல் வற்புறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகிறது.

யாழ்ப்பாணத்து வயலும் செட்டிகுளத்து வயலும்

டாக்காவிலிருந்து சென்ற அதே பயணத்தில், 1970 நவம்பர் 27 அன்று மணிலா விமான நிலையத்தில் குரு உடையணிந்த ஒருவன் கத்தியால் அவரைத் தாக்கினான். காயம் பட்டும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. திரும்பும் வழியில் டிசம்பர் 4 அன்று கொழும்பில் இறங்கி, இலங்கை மக்களுடன் திருப்பலி நிறைவேற்றினார்.

அந்த இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. யாழ்ப்பாணத்து விவசாயிகள் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு நன்றாக வாழ்ந்த காலம் அது. 1977க்குப் பின் கதவுகள் திறந்தன; வெளியிலிருந்து சரக்கு வந்து குவிந்தது. கிணற்று நீரை இறைத்து வெங்காயம் வளர்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் தவித்துப் போயின. அடுத்து வந்த போர் எஞ்சியதையும் அழித்தது. இன்றும் இந்திய வெங்காயம் இறங்கும்போது அங்குள்ள விவசாயிக்கு நெஞ்சு பதைக்கிறது. இலங்கை வரியை உயர்த்தினால் இங்கே செட்டிகுளத்து விவசாயிக்கு நெஞ்சு பதைக்கிறது.

இருவரும் தமிழர். இருவரும் சிறு விவசாயிகள். ஒருவரின் நல்ல விலை மற்றவரின் நட்டம் என்று ஆகிவிடுகிறது. இதில் யார் பக்கம் நிற்பது? எளிய விடை இல்லை. ஆறாம் பவுலும் எளிய விடை தரவில்லை. ஆனால் ஒரு வழியைக் காட்டினார். வலியவர் தனியாக முடிவெடுத்து எளியவர் மேல் சுமத்தக் கூடாது, இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்தக் காலத்தில் எவ்வளவு, எந்த விலைக்குக் கீழே கூடாது என்று முன்னதாகவே பேசி உடன்பட வேண்டும் என்பதே அவர் வழி. அங்கே அறுவடை நடக்கும் மாதங்களில் இங்கிருந்து வரத்தைக் குறைத்து, அவர்களுக்குப் பற்றாக்குறையான மாதங்களில் நாம் தாராளமாக அனுப்பினால் இருவரும் வாழலாம் அல்லவா? நள்ளிரவில் திடீரென்று வரும் தடையும் திடீரென்று ஏறும் வரியும் இரு கரையிலும் ஏழையைத்தான் வீழ்த்துகின்றன.

எளிமையான முடிவு

ஆறாம் பவுலின் இறுதி ஆண்டுகள் எளிதாக இல்லை. திருச்சபைக்குள்ளும் வெளியிலும் விமர்சனங்கள் எழுந்தன. 1978இல் நீண்ட நாள் நண்பரான இத்தாலியத் தலைவர் ஆல்டோ மோரோ கடத்திக் கொல்லப்பட்டது அவரை உடைத்துப் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6, ஆண்டவர் தோற்றம் மாறிய விழா அன்று, காஸ்தல் கந்தோல்ஃபோவில் இறைவனில் துயில் கொண்டார். அவர் விரும்பியபடியே எளிய மரப்பெட்டியில் வைத்து, வெறும் மண்ணில் அடக்கம் செய்தார்கள். 2014இல் அருளாளராகவும், 2018 அக்டோபர் 14 அன்று புனிதராகவும் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை உயர்த்தினார்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

உலக வணிகம், ஐக்கிய நாடுகள், வரிச்சலுகை என்பதெல்லாம் பெரியவர்களின் காரியம், நமக்கென்ன என்று நாம் நினைக்கலாம். ஆனால் நீதியான விலை என்ற கேள்வி ஜெனீவாவில் மட்டும் எழுவதில்லை, நம் வாசலிலும் எழுகிறது.

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகிறோம். ஆலய வாசலில் கீரையும் வெங்காயமும் விற்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்காக மல்லுக்கு நிற்கிறோம். அதே நாம் பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். வலியவரிடம் பணிவு, எளியவரிடம் பேரம். நாடுகளுக்கு இடையே நடப்பதும் இதுதானே? வெங்காய விலை ஏறினால் அரசாங்கத்தைத் திட்டுகிறோம், விலை விழுந்து விவசாயி வயலிலேயே வெங்காயத்தை விட்டுவிடும்போது நம்மில் எத்தனை பேருக்கு அது செய்தியாகப் படுகிறது? தாள் அறுக்கும் பெண்களுக்கு நாம் கொடுக்கும் கூலி, நம் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தால் போதும் என்று சொல்லக்கூடிய கூலிதானா?

நம் பங்குகளில் இருக்கும் சுய உதவிக் குழுக்களும் உழவர் குழுக்களும் ஒன்று சேர்ந்து சரக்கை இருப்பு வைத்து, தரம் பிரித்து, ஒன்றாக விலை பேசினால் தனி ஒரு விவசாயிக்குக் கிடைக்காத பலம் கிடைக்கும். 77 நாடுகள் ஜெனீவாவில் செய்ததும் அதுவே. பங்குப் பேரவைகள் இதை ஒரு பக்தி முயற்சியைப் போலவே எண்ணி ஊக்குவிக்கலாம். இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள சிறு விவசாயிகளுக்காக நம் மன்றாட்டுகளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் பத்துக் கட்டளைகளைக் கற்றுத்தரும்போது, களவு செய்யாதே என்பது விலை நிர்ணயத்துக்கும் பொருந்தும் என்று சொல்லித்தரலாம்.

செல்வனின் வாசலில் கிடந்த இலாசரின் உவமையை ஆறாம் பவுல் தம் மடலில் உலக நாடுகளுக்குப் பொருத்திக் காட்டினார். அந்தச் செல்வன் இலாசரை அடிக்கவில்லை, விரட்டவில்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண்ணீர் வந்தால், அதை விளைவித்தவரின் முகத்தையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். மகுடத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு ஏழையின் பக்கம் நடந்த புனித ஆறாம் பவுல், வாங்குவதிலும் விற்பதிலும் நாம் நீதியுள்ளவர்களாய் வாழ நமக்காக இறைவனை மன்றாடுவாராக.